வாசகர் கேள்வி – பதில்: காலையில் கல், நண்பகலில் கூரை, மாலையில் ஆறு

கெய்ரோ நகரின் ஓரத்தில், கீசா பிரமிடுகளுக்கு அருகே, 2025 நவம்பர் 1 அன்று முறைப்படி திறக்கப்பட்ட மாபெரும் எகிப்திய அருங்காட்சியகத்தைப் பற்றி முந்தைய இதழ் ஒன்றில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, கொழிஞ்சாம்பாறை முதல் தடா வரை, கேரள எல்லையிலும் ஆந்திர எல்லையிலும் வாழும் வாசகர்கள் அனுப்பிய கடிதங்கள் இம்முறை குவிந்துவிட்டன. நான் எகிப்தியல் கற்றவன் அல்லன். வேலந்தாவளத்தில் இருந்துகொண்டு, இரண்டு முறை அந்த நாட்டுக்குப் போய்வந்தவன் என்ற தகுதி மட்டுமே எனக்கு உண்டு. அந்த அளவில் என் பதில்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நானும் என் மனைவியும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். கெய்ரோ, அலெக்சாந்திரியா, லக்சர், அஸ்வான், அபு சிம்பல், செங்கடல் ஆகிய அனைத்தையும் எட்டே நாளில் காட்டிவிடுவதாகப் பயண முகவர் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
— ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: அவர் காட்டிவிடுவார், ஐயா. உங்கள் கண்ணில் எதுவும் தங்காது, அவ்வளவுதான். கொச்சியிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றில் இறங்கி, விமானம் மாறி, கெய்ரோ போய்ச் சேர்ந்து உடல் சற்றே நிதானப்படுவதற்குள் ஒரு நாள் கழிந்துவிடும், திரும்பும்போதும் அப்படியே. ஆக, உங்கள் கையில் உள்ளவை ஆறு நாட்கள். கெய்ரோவுக்கும் லக்சருக்கும் இடையே ஏறத்தாழ 650 கிலோமீட்டர். லக்சரிலிருந்து அஸ்வான் இன்னும் 200 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து அபு சிம்பல் மேலும் 280 கிலோமீட்டர். பாலக்காட்டிலிருந்து புறப்பட்டு மதுரை, தஞ்சை, ஹம்பி, பூரி ஆகியவற்றை ஒரே வாரத்தில் பார்த்து முடித்தேன் என்று உங்கள் மாணவன் ஒருவன் வந்து சொன்னால் என்ன நினைப்பீர்களோ, அதைத்தான் இந்தத் திட்டத்தைப் பற்றியும் நினைக்க வேண்டும்.

ஆறு நாட்களை இரண்டாகப் பகுத்து, கெய்ரோவுக்கு மூன்றும் லக்சருக்கு மூன்றுமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நான்கு நாட்கள் சேர்க்க முடியுமானால், லக்சரிலிருந்து அஸ்வான் வரை ஆற்றில் மெதுவாகப் போகும் பயணக் கப்பலில் ஏறுங்கள். வழியில் எட்ஃபு, கொம் ஓம்போ கோயில்களையும் பார்த்துவிடலாம். அலெக்சாந்திரியாவையும் கடலையும் இம்முறை விட்டுவிடுங்கள்.

கெய்ரோவின் மூன்று நாட்களில் எதை முதலில் பார்ப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எல்லாரும் முதல் நாளே கீசாவுக்கு ஓடுகிறார்கள். நீங்கள் முதலில் நகருக்குத் தெற்கே உள்ள சக்காராவுக்குப் போங்கள். அங்கேதான், கி.மு. 27ஆம் நூற்றாண்டில், ஜோசர் மன்னருக்காக இம்ஹோத்தெப் என்னும் அமைச்சர் ஆறு படிகள் கொண்ட பிரமிடை எழுப்பினார். அதற்கு முன்பு மன்னர்களின் கல்லறைகள் நம் திண்ணையைப் போலத் தட்டையான மேடைகளாகத்தான் இருந்தன. ஒரு மேடையின் மேல் அதைவிடச் சிறிய மேடை, அதன் மேல் இன்னொன்று என்று அடுக்கியபோது பிரமிடு என்ற எண்ணமே பிறந்தது. அங்கிருந்து இன்னும் சற்றுத் தெற்கே தாஷூர். அங்கே ஸ்னெஃபெரு மன்னரின் வளைந்த பிரமிடு நிற்கிறது. கீழே ஏறத்தாழ 54 பாகைச் சரிவில் தொடங்கிய பணியாளர்கள், பாதி உயரத்தில் சரிவை 43 பாகையாகக் குறைத்துக்கொண்டார்கள். சுவரில் ஏற்பட்ட விரிசல்களே காரணம் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு அதே மன்னர் தொடக்கம் முதலே தாழ்ந்த சரிவில் கட்டிய சிவப்புப் பிரமிடும் அருகிலேயே இருக்கிறது. இந்த இரண்டையும் பார்த்த பின்பு கீசாவுக்குப் போனால், ஸ்னெஃபெருவின் மகன் கூஃபு கட்டிய பெரிய பிரமிடு வானத்திலிருந்து விழுந்த அதிசயமாகத் தெரியாது. தந்தை செய்த தவறுகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளையின் வேலையாகத் தெரியும். ஆசிரியர்களான உங்களுக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

நாளைப் பிரிப்பதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி இது: காலையில் கல், நண்பகலில் கூரை, மாலையில் ஆறு. திறந்தவெளிச் சின்னங்களை வெயில் ஏறுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். உச்சிப்பொழுதை அருங்காட்சியகத்திலோ உணவகத்திலோ கழிக்க வேண்டும். வெயில் சாய்ந்ததும் நைல் நதியில் ஃபெலூக்கா என்னும் பாய்மரப் படகில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் வியர்வை வழிவதால் தாகம் தெரிந்துவிடும். அங்குள்ள வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால், உடலில் நீர் வற்றுவதே தெரியாது. தலை சுற்றும்போதுதான் தெரியவரும். அக்டோபர் முதல் மார்ச் வரை போவது நல்லது. கோடையில் லக்சரிலும் அஸ்வானிலும் வெப்பம் 40 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும்.

லக்சரில் இந்த வழியோடு திசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பண்டைய எகிப்தியர் வாழ்வைக் கிழக்கோடும் சாவைச் சூரியன் மறையும் மேற்கோடும் இணைத்துப் பார்த்தவர்கள். ஆகவே கோயில்கள் கிழக்குக் கரையிலும், மன்னர் பள்ளத்தாக்கும் ஹட்ஷெப்சுட் அரசியின் நினைவுக் கோயிலும் மேற்குக் கரையிலும் அமைந்தன. மேற்குக் கரைப் பாறைகள் பத்து மணிக்கெல்லாம் அடுப்பாகிவிடும் என்பதால் விடியலில் அங்கே போங்கள். மாலையில் கிழக்குக் கரைக்குத் திரும்பி, விளக்கேற்றிய பின் லக்சர் கோயிலைப் பாருங்கள். அதன் வாசலில் ஒரே ஒரு கல்லூசித் தூண் நிற்கும். அதன் இணை 1836 முதல் பாரிஸ் நகரின் சதுக்கம் ஒன்றில் நிற்கிறது. கோயிலுக்குள்ளேயே, தூண்களின் மேல், அபு ஹக்காக் பள்ளிவாசல் அமர்ந்திருக்கும். கோயில் மண்ணில் புதைந்திருந்த காலத்தில், அன்றைய தரைமட்டத்தில் எழுந்த பள்ளிவாசல் அது. மண்ணை அகற்றியபோது அதன் வாசல் அந்தரத்தில் நின்றுவிட்டது.

கர்னாக் கோயிலுக்கு மட்டும் தனியாக ஒரு காலைப் பொழுது வேண்டும். 134 தூண்கள் கொண்ட அதன் பெருமண்டபத்தைப் படத்தில் பார்ப்பவர்கள் திறந்தவெளித் தோப்பு என்று எண்ணிவிடுகிறார்கள். கூரை விழுந்துவிட்டதால் வந்த தோற்றம் அது. நம் கோயில் மண்டபத்துக்குள் நுழையும்போது கண் இருட்டிப் பிறகு மெல்லத் தெளியுமே, அந்த அரையிருளை மனத்தில் நிரப்பிக்கொண்டு நடந்தால்தான் அந்த இடத்தின் உண்மையான உருவம் பிடிபடும்.

கேள்வி: என் தாயாருக்கு எழுபது வயது, முழங்கால் வலி உண்டு. ஆனாலும் பிரமிடுக்குள் போய்ப் பார்த்தே தீர வேண்டும் என்கிறார். அழைத்துச் செல்லலாமா?
— ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: பத்மநாபபுரம் அரண்மனையில் சில அறைகளுக்குள் குனிந்து நுழைந்திருப்பீர்கள், தலை இடிக்காமல் இரண்டு அடி வைத்தால் நிமிர்ந்துவிடலாம். கூஃபுவின் பிரமிடில் ஏறத்தாழ 39 மீட்டர் நீளத்துக்கு, 1.2 மீட்டர் உயரமே உள்ள பாதையில், 26 பாகைச் சரிவில் குனிந்தபடியே ஏற வேண்டும். மரப்பலகையில் குறுக்குச் சட்டங்கள் அடித்திருப்பார்கள். எதிரே இறங்குபவர்களுக்கும் வழிவிட வேண்டும். காற்று கனத்து, வெக்கையாக இருக்கும். அதைக் கடந்தால் 8 மீட்டருக்கு மேல் உயரமுள்ள பெருவழி திடீரென்று திறக்கும். பக்கச் சுவர்களின் கற்கள் அடுக்குக்கு அடுக்கு உள்ளே நீண்டு, மேலே ஒன்றையொன்று நெருங்கி வருவதைப் பார்த்தால் வலியெல்லாம் மறந்துபோகும் என்பது உண்மைதான். ஆனால் அதன் உச்சியில் உள்ள மன்னர் அறையில், அஸ்வானிலிருந்து ஆற்று வழியே கொண்டுவந்த கருங்கல் சுவர்களும் மூடியில்லாத வெறும் கல்பெட்டியும் தவிர, ஓர் எழுத்துகூட, ஓர் ஓவியம்கூட இல்லை. இதற்குத் தனி நுழைவுச்சீட்டும் எடுக்க வேண்டும்.

முழங்கால் வலியோடு அவர் இதைச் செய்ய வேண்டாம், அம்மா. அவருடைய ஆசை கல்லறைக்குள் போய்ப் பார்ப்பதே என்றால், மன்னர் பள்ளத்தாக்கு அதற்கு நூறு மடங்கு பொருத்தம். அங்குள்ள கல்லறைகள் பலவற்றில் நிமிர்ந்தே நடக்கலாம்; அகலமான மரப் பாதையும் கைப்பிடியும் இருக்கும்; சுவர் முழுவதும் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வண்ணம். பொதுச்சீட்டில் மூன்று கல்லறைகள் பார்க்கலாம். துட்டன்காமன், முதலாம் செத்தி ஆகியோரின் கல்லறைகளுக்குச் சீட்டு தனி. செத்தியின் கல்லறையில் படிகள் மிகுதி என்பதால், உங்கள் தாயாருக்காக அதை விட்டுவிடுங்கள். கீசாவில் அவர் பிரமிடின் அடிவரிசைக் கல் ஒன்றின் அருகே நின்று அதன் உயரத்தைத் தம் தோளோடு அளந்து பார்க்கட்டும். அப்படிப்பட்ட கற்கள் ஏறத்தாழ 23 லட்சம் என்று சொல்லிப் பாருங்கள். உள்ளே போகும் ஆசை அடங்கினாலும் அடங்கும்.

கேள்வி: கெய்ரோவில் மூன்று அருங்காட்சியகங்கள் இருப்பதாகப் படித்தேன். மம்மிகள் எதில் உள்ளன? துட்டன்காமனின் பொன்முகமூடி எதில் உள்ளது? இறந்தவர்களின் உடலைக் காட்சிப் பொருளாகப் பார்ப்பது முறைதானா என்ற தயக்கமும் இருக்கிறது.
— ஒரு வாசகர், களியக்காவிளை

பதில்: தஹ்ரீர் சதுக்கத்தில், 1902இல் திறந்த இளஞ்சிவப்புக் கட்டடம் பழைய அருங்காட்சியகம். கீசாவில் இருப்பது புதியது. ஃபுஸ்தாத் பகுதியில் இருப்பது எகிப்திய நாகரிகத் தேசிய அருங்காட்சியகம். அரச மம்மிகள் முன்பு தஹ்ரீரில் இருந்தன. 2021 ஏப்ரல் 3 அன்று 22 மம்மிகளையும் அலங்கரித்த வண்டிகளில் ஊர்வலமாக ஃபுஸ்தாத்துக்குக் கொண்டுபோனார்கள். பொன்முகமூடி உட்பட துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இப்போது புதிய அருங்காட்சியகத்தில் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. அதன் நுழைவு மண்டபத்தில் 11 மீட்டர் உயரமுள்ள இரண்டாம் ராம்சேஸ் சிலை உங்களை வரவேற்கும். அந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் அரை நாள் ஒதுக்க வேண்டும். அதை நண்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நேரம் குறைவாக இருந்தால் தஹ்ரீரை விட்டுவிடலாம் என்பார்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. தூசி படிந்த மரப்பெட்டிகளும் கையெழுத்துச் சீட்டுகளுமாக அது ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் ஆய்வகம் போலவே இருக்கும். எனக்கு அந்த வாசனை பிடிக்கும்.

துட்டன்காமனின் உடல் மட்டும் எந்த அருங்காட்சியகத்துக்கும் போகவில்லை. 1922 நவம்பரில் ஹோவர்டு கார்ட்டர் கண்டுபிடித்த அதே சிறிய கல்லறையில், லக்சரிலேயே, கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கிறது. பொன்னெல்லாம் ஊருக்குப் போய்விட, பிள்ளை மட்டும் வீட்டில் தங்கிவிட்டது போல.

உங்கள் தயக்கம் நியாயமானது. அதை இழக்க வேண்டாம். ஃபுஸ்தாத்தில் மம்மிகளை நிலவறை போன்ற மங்கலான கூடத்தில் வைத்திருக்கிறார்கள். படம் எடுக்க அனுமதி இல்லை. பேச்சும் தானாகவே தணிந்துவிடுகிறது. துக்க வீட்டுக்குள் போகும் நிதானத்தோடு உள்ளே போங்கள். மனம் ஒப்பவில்லையானால் அந்தக் கூடத்தை விட்டு மேல்தளத்தை மட்டும் பார்த்துவிட்டு வரலாம். அதனால் பயணம் குறைபட்டுவிடாது.

கேள்வி: எங்கள் ஊர் வேதநாராயண சுவாமி கோயிலில் பங்குனி மாதத்தில் சூரிய ஒளி மூலவர்மேல் விழுவதைச் சூரிய பூஜையாகக் கொண்டாடுகிறோம். எகிப்திலும் அப்படி ஒரு கோயில் உண்டாமே?
— ஒரு வாசகர், நாகலாபுரம்

பதில்: உண்டு. அதன் பெயர் அபு சிம்பல். உங்கள் கோயிலில் மேற்கு நோக்கிய சந்நிதிக்குள் மாலைக் கதிர் முதல் நாள் பாதத்திலும், மறுநாள் நாபியிலும், மூன்றாம் நாள் நெற்றியிலும் படும். அங்கே கிழக்கு நோக்கிய குடைவரைக்குள் விடியற்கதிர், ஏறத்தாழ 60 மீட்டர் ஆழம் ஊடுருவி, கருவறையில் வரிசையாக அமர்ந்திருக்கும் நான்கு உருவங்கள்மேல் விழுகிறது. அந்த நால்வர் ரா-ஹொராக்தி, தெய்வமாக்கப்பட்ட இரண்டாம் ராம்சேஸ், அமூன்-ரா, தாஹ். இவர்களில் தாஹ் இருளுலகத்தோடு தொடர்புடையவர். மற்ற மூவரும் ஒளி பெறும்போது அவர் மட்டும் நிழலிலேயே இருந்துவிடுகிறார். இது ஆண்டுக்கு இரண்டு நாட்கள், பிப்ரவரி 22 அன்றும் அக்டோபர் 22 அன்றும் நிகழ்கிறது. சூரியன் தெற்கே போகும்போது ஒரு முறையும் திரும்பும்போது ஒரு முறையும் அடிவானத்தில் அதே இடத்தில் உதிப்பதுதான் இரண்டு நாட்களுக்கும் காரணம். மன்னரின் பிறந்தநாளும் முடிசூட்டு நாளும் அவை என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். அதற்குச் சான்று கிடையாது.

இதைவிட வியப்பானது, அந்தக் கோயில் இன்று நிற்பது அது குடையப்பட்ட இடத்தில் அல்ல என்பது. அஸ்வான் உயர் அணையால் நீர் ஏறத் தொடங்கியபோது, 1964 முதல் 1968 வரை, யுனெஸ்கோவின் முயற்சியால் மலையோடு சேர்த்துக் கோயிலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாளங்களாக அறுத்து, ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில், 200 மீட்டர் பின்தள்ளி, மறுபடி பொருத்தினார்கள். பழைய திசை கெடாதபடி பொருத்தியதால்தான் கதிர் இன்றும் உள்ளே போகிறது. முகப்பில் உள்ள நான்கு பெரும் சிலைகளில் ஒன்றின் மேற்பாதி பண்டைக் காலத்திலேயே நிலநடுக்கத்தில் உடைந்து விழுந்திருந்தது. அதன் தலையைச் சிலைமேல் ஏற்றாமல், விழுந்து கிடந்தபடியே புதிய இடத்திலும் கிடத்தியிருக்கிறார்கள். நாகார்ஜுன சாகர் அணைக்காக நாகார்ஜுனகொண்டாவின் பௌத்தச் சின்னங்களைக் குன்றின்மேல் ஏற்றியதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். அதைப் பார்த்த ஆந்திர வாசகர்களுக்கு, கல்லைப் பெயர்த்து நடுவதில் எவ்வளவு பொறுமை வேண்டும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

அந்த இரு நாட்களில் போகாதீர்கள் என்பதே என் கருத்து. ஒளி நிற்பது இருபது நிமிட அளவே, வரிசையோ ஆயிரக்கணக்கில். வேறொரு நாளில், அஸ்வானிலிருந்து விடியலுக்கு முன்பே சாலை வழியே புறப்பட்டு, மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் பயணம் செய்து போனால், கருவறைக்கு முன் நிதானமாக நிற்கலாம். பக்கத்தில் அரசி நெஃபர்தாரிக்காக எழுந்த சிறிய கோயிலில் அரசியின் சிலைகள் மன்னரின் சிலைகளுக்குச் சமமான உயரத்தில் நிற்பதையும் கவனியுங்கள். எகிப்தில் அது அரிது.

கேள்வி: பத்து வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பிள்ளைகள். கோயிலும் கல்லறையும் இரண்டாம் நாளே அவர்களுக்குச் சலித்துவிடும் என்று அஞ்சுகிறேன். அருகில் பொழுதுபோக்கு ஏதாவது உண்டா?
— ஒரு வாசகி, குப்பம்

பதில்: இரண்டாம் நாள் அல்ல, அம்மா, முதல் நாள் நண்பகலிலேயே சலித்துவிடும். பிள்ளைகளோடு போனால் நாளுக்கு ஒரு சின்னம் போதும். மிச்சப் பொழுது அவர்களுடையது.

கெய்ரோவில் ஃபரோனிக் வில்லேஜ் என்ற இடத்தில் படகில் உட்கார்ந்தபடியே, பண்டைய எகிப்தியர் உழுததையும் தாள் செய்ததையும் மனிதர்கள் நடித்துக் காட்டுவதைப் பார்க்கலாம். பெரியவர்களுக்குச் சற்று நாடகத்தனமாகப் படலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கீசாவில் 1961 முதல் நடக்கும் ஒலி-ஒளிக் காட்சியில் ஸ்ஃபிங்ஸ் பேசும். 73 மீட்டர் நீளமுள்ள அந்தச் சிங்கவுடல் மனிதனைப் பகலில் காட்டிவிட்டு இரவில் கூட்டிப்போங்கள். டிசம்பர், ஜனவரி என்றால் கம்பளிச் சட்டை வேண்டும். நகருக்குள் 187 மீட்டர் உயரமுள்ள கெய்ரோ கோபுரமும், 2005இல் திறந்த அல்-அஸ்ஹர் பூங்காவும் மாலைக்கு ஏற்றவை.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் நான் பரிந்துரைப்பது ஃபய்யூம் பாலைவனத்தில் உள்ள வாடி அல்-ஹிதான். கெய்ரோவிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர். பெயரின் பொருளே திமிங்கிலப் பள்ளத்தாக்கு. ஏறத்தாழ நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. தரையில் வாழ்ந்த மூதாதையரின் மிச்சமாகச் சிறு பின்கால்கள் கொண்ட திமிங்கிலங்களின் எலும்புக்கூடுகள் மணலில் கிடந்தபடியே கிடக்கின்றன. 2005 முதல் அது உலக மரபுச் சின்னம். மணலில் திமிங்கிலத்தைக் கண்ட ஏழு வயதுப் பிள்ளை அதன் பிறகு பிரமிடைப் பெரிதாக மதிக்காது என்ற ஒரே ஆபத்துதான் உண்டு.

தெற்கே போனால், கொம் ஓம்போவில் முதலைத் தெய்வமான சோபெக்கின் கோயிலை ஒட்டி, மம்மியாக்கிய முதலைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அஸ்வானில் படகேறி, ஆற்று நடுவே உள்ள தாவரத் தோட்டத் தீவுக்கும் வண்ண வீடுகள் கொண்ட நூபிய ஊர்களுக்கும் போகலாம். லக்சரிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரச் சாலைப் பயணத்தில் ஹுர்காதா. செங்கடலின் பவளத் திட்டுகளைக் கண்ணாடி அடித்தளப் படகிலிருந்தே பார்க்கலாம். நீந்துவதானால் கடலில் மட்டும் நீந்தட்டும்; நைலின் தேங்கிய ஓரங்களில் நத்தைகளால் பரவும் ஒட்டுண்ணி நோய் உண்டு.

லக்சரில் விடியலில் பறக்கும் வெப்பக்காற்று பலூனைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள். அழகானதுதான். 2013 பிப்ரவரியில் அங்கே பலூன் ஒன்று தீப்பிடித்து விழுந்து 19 பேர் இறந்ததும் உண்மை. அதன் பிறகு விதிகள் இறுகியிருக்கின்றன. இருந்தாலும், நான் ஏறினேன். என் பேரனை ஏற்றமாட்டேன்.

கேள்வி: அங்கே ஏமாற்றுவார்கள் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். எப்படிச் சமாளிப்பது?
— ஒரு வாசகர், தடா

பதில்: பக்‌ஷீஸ் என்ற சொல் நமக்குப் புதிதல்ல, அங்கே அது அன்றாட நாணயம். கழிப்பறைக் காவலர் முதல் கல்லறைக் காவலர் வரை கை நீளும். சில்லறை நோட்டுகளைத் தனிப் பையில் வைத்துக்கொண்டு, உண்மையில் உதவியவருக்கு மனம் நிறைந்து கொடுங்கள். கயிறு கட்டிய பகுதிக்குள் இரகசியமாகக் கூப்பிடுபவரிடம் போகாதீர்கள். அது சின்னத்துக்கும் கேடு.

முதல் பயணத்தில் நான் ஏமாந்தது ஒட்டகத்தில். பேசிய தொகையைக் கொடுத்த பிறகுதான், அது ஏறுவதற்கு மட்டும், இறங்குவதற்குத் தனி என்று தெரிந்தது. ஒட்டகத்தின் முதுகில் இருந்துகொண்டு பேரம் பேசுவதற்கு நம் ஊர் மாட்டுச்சந்தை அனுபவம் சிறிதும் உதவவில்லை. ஆகவே ஏற்றம், சுற்று, இறக்கம் மூன்றுக்கும் சேர்த்து, எகிப்திய பவுண்டில், ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். இலவசம் என்று தலையில் துண்டைக் கட்டிவிடுபவருக்கு "லா, ஷுக்ரன்" என்று சொல்லி நிற்காமல் நடந்துவிடுங்கள். "வேண்டாம், நன்றி" என்பது பொருள். வளைகுடாவில் வேலை செய்து திரும்பிய உறவினர் ஒருவர் வீட்டில் இருந்தால் உச்சரிப்பையும் சொல்லித்தருவார். சின்னங்கள் பலவற்றில் நுழைவுச்சீட்டுக்கு ரொக்கம் வாங்குவதில்லை. வெளிநாட்டில் செல்லுபடியாகும் வங்கி அட்டை கட்டாயம். விசாவையும் புறப்படுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

எல்லா வியாபாரமும் எரிச்சலானது என்று நினைக்க வேண்டாம். எஸ்னா என்ற இடத்தில் மதகுக்காகக் கப்பல் காத்திருக்கும்போது, சிறு படகுகளில் வரும் வியாபாரிகள் மேசைவிரிப்பையும் அங்கியையும் பையில் சுற்றி மேல்தளத்துக்கே எறிவார்கள். பிடித்திருந்தால் அதே பையில் பணத்தை எறிய வேண்டும், இல்லையென்றால் துணியை. நான்கு மாடி உயரத்துக்குக் குறி தவறாமல் எறியும் அந்தக் கைக்காகவே ஒரு மேசைவிரிப்பு வாங்கினேன்.

கேள்வி: எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மிளகுக் கொடி வளர்க்கிறது. பழைய காலத்தில் நம் மிளகு எகிப்துக்குப் போனதற்கு அங்கே அடையாளம் ஏதும் பார்க்க முடியுமா?
— ஒரு வாசகர், குமுளி

பதில்: இந்தக் கடிதம் வந்த அன்று மற்றக் கடிதங்களை ஓரமாக வைத்துவிட்டேன். கி.மு. 1213இல் இறந்த இரண்டாம் ராம்சேஸின் மம்மியில், மூக்குத் துளைகளுக்குள் மிளகு மணிகள் வைக்கப்பட்டிருந்தன. மிளகின் தாயகம் நம் மேற்கு மலைத்தொடர்தான். ஃபுஸ்தாத் கூடத்தில் அந்த முதிய மன்னரின் கூரிய மூக்கின் முன் நிற்கும்போது, உங்கள் மலைச்சரக்கின் மிகப் பழைய வாடிக்கையாளர் ஒருவர் முன் நிற்கிறீர்கள்.

ரோமானியர் காலத்தில் அந்த வாணிகம் பெருகியது. செங்கடல் கரையில் இருந்த பெரெனிகே துறைமுகத்தில் அகழ்ந்தபோது, கோயில் வளாகம் ஒன்றில் புதைத்திருந்த இந்தியத் தாழியில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. அதற்கு வடக்கே, குசெய்ர் அல்-கதீம் என்ற மற்றொரு பழந்துறையில் கிடைத்த பானை ஓட்டில் தமிழ்-பிராமி எழுத்தில் "பானை ஒறி" என்று எழுதியிருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். ஒறி என்பது நாம் கூரையில் கட்டித் தொங்கவிடும் உறியேதான். மன்னரின் பெயரோ மந்திரமோ இல்லை, சமையலறைப் பானை. கடல் கடந்து போன யாரோ ஒருவர், தம் பானை எங்கே தொங்க வேண்டும் என்பதைத் தமிழில் எழுதிவைத்திருக்கிறார். முசிறியிலிருந்து போன சரக்கைப் பற்றிய கி.பி. 2ஆம் நூற்றாண்டு ஒப்பந்தம் ஒன்றும் எகிப்தியத் தாளில் எழுதிக் கிடைத்திருக்கிறது. அது இப்போது வியன்னாவில் இருக்கிறது.

அந்தத் துறைமுகங்களைத் தேடிப் போகச் சொல்லமாட்டேன். பெரெனிகே எட்டாத் தொலைவு, குசெய்ரில் பார்க்க மண்மேடுதான் உண்டு. ஆனால் துறையில் இறங்கிய மிளகு, ஒட்டக முதுகில் பாலைவனத்தைக் கடந்து, லக்சருக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள இன்றைய கிஃப்த் ஊரில் படகேறி, நைல் வழியே அலெக்சாந்திரியா போனது. லக்சரில் மாலைப் படகில் உட்காரும்போது, வடக்கே ஓடும் அந்த நீர்தான் உங்கள் சரக்கைச் சுமந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா? கார்த்திகையில் மாலை அணிந்த நிலையில் போகலாமா?
— ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: சைவ உணவு தெருவுக்குத் தெரு கிடைக்கும். அரிசி, மசூர்ப் பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, பொரித்த வெங்காயம், தக்காளிச் சாறு எல்லாம் கலந்த கோஷரி வயிற்றை நிறைக்கும். அவரையினப் பருப்பை வேகவைத்து மசித்த ஃபூல், அதே பருப்பில் செய்யும் நம் வடை போன்ற தாமியா, கரும்புச்சாறு ஆகியவையும் உண்டு. மாலை அணிந்திருந்தால், தனிச் சமையல், நீராடல், பூசை என்ற ஒழுங்குகளைப் பயணக் கூட்டத்தோடு காப்பது கடினம். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய பின், தை மாதத்தில் புறப்படுங்கள். அங்கே பருவமும் அப்போது நன்றாக இருக்கும்.

கேள்வி: எகிப்திலிருந்து வரும் உறவினர்கள் பாப்பிரசுத் தாளில் வரைந்த படங்களைக் கொண்டுவருகிறார்கள். சில ஒரே ஆண்டில் நொறுங்கிவிடுகின்றன. நல்லதை எப்படி அறிவது?
— ஒரு வாசகி, சித்தூர் (பாலக்காடு)

பதில்: நொறுங்கியவை பெரும்பாலும் வாழை மட்டையிலோ கரும்புச் சக்கையிலோ செய்தவை. பாப்பிரசு என்பது கோரை இனத்துச் செடி. கிள்ளிமங்கலத்துப் பாய்க்கும் பத்தமடைப் பாய்க்கும் கிழிக்கும் கோரைக்கு நெருங்கிய உறவு. அதன் தண்டைத் தோல் சீவி, உட்சோற்றை மெல்லிய பட்டைகளாக அறுத்து, நீரில் ஊறவைத்து, ஒரு வரிசையை நெடுக்கிலும் மறு வரிசையைக் குறுக்கிலும் பரப்பி, அழுத்தி உலர்த்துவார்கள். பசை சேர்ப்பதில்லை, தண்டின் சாறே ஒட்டிக்கொள்ளும்.

கடையில் தாளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். நெடுக்கும் குறுக்குமாக, பாய் நெசவு போல, ஒழுங்கற்ற கீற்றுகள் தெரிந்தால் நல்லது. எல்லாம் ஒரே சீராக, கோடு இழுத்ததுபோல் இருந்தால் வேண்டாம். பிறகு கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு மெதுவாகச் சுருட்டிப் பாருங்கள்; உண்மையானது முறியாமல் சுருண்டு, விட்டதும் நிமிரும். சுருட்ட வேண்டாம் என்று அவர் தடுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.